பூச்சி பொட்டு இருந்துட்டுப் போவட்டும்!

ரெண்டு மாசமா ஆபீஸ்ல எக்கச்சக்க ஆணி. ரிலீஸ் ரிலீஸ்னு டேமேஜர் உயிரை வாங்கினதுல எழுத உக்காரவே முடியல. ஆனா நேத்து சாயங்காலம் கொல்லைப்பக்கம் கால் கழுவப் போனப்ப ஒண்ணு பார்த்தேன். அதை எழுதலேன்னா தூக்கம் வராது.

துவைக்கிற கல்லுக்கு மேல போட்டிருக்கிற தகரத்துக்கு அடியில, காஞ்ச மண்ணுல, ஒரு ரூபா காசு அகலத்துக்கு ஒரு குழி. புனல் மாதிரி கச்சிதமா. பக்கத்துலயே இன்னும் மூணு. அப்படியே குத்த வெச்சு உக்காந்துட்டேன். எங்கம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, வயித்த வலிக்குதா?"ன்னு கேட்டாங்க :-)

குழியானை, மக்களே! எங்க வீட்டுக் கொல்லைக்கு குழியானை திரும்பி வந்திருக்கு. இதுல என்னடா பெரிய விஷயம்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. அது இங்கேருந்து போனதுக்குக் காரணம் நான். என் சொந்தக் காசைச் செலவு பண்ணித்தான் விரட்டினேன்.

இப்போ கொசுவத்தியைக் கொளுத்தறேன். (பூச்சியைப் பத்தி எழுதும்போது கொசுவத்தியான்னு கேக்காதீங்க, பழக்கதோஷம்.)

எங்க ஊர் குயிலாப்பாளையம். புதுச்சேரியில இருந்து ஈசிஆர்ல வடக்கே வந்து, பெரியமுதலியார்சாவடியில இடது பக்கம் திரும்பி மேட்டுல ஏறினா எங்க ஊர். திரும்பாம நேரா போய்க்கிட்டே இருந்தா மரக்காணம் உப்பளம் வந்துரும். இந்த வழியா ஆரோவில்லுக்குப் போறவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். இப்போ தெரு ரெண்டு பக்கமும் காபிக்கடை, துணிக்கடை, வாடகை ஸ்கூட்டர்னு ஊரே சுற்றுலா ஸ்தலம் மாதிரி இருக்கு. நான் சின்னப் பையனா இருந்தப்ப இவ்வளவு கிடையாது. செம்மண்ணு, முந்திரித் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, அவ்வளவுதான்.

எங்க ஆயா வீடு மண்சுவர், கூரை. பின்னாடி பத்து சென்ட் கொல்லை. இடுப்பளவு மண்சுவர் ஒண்ணு, அவரைப் பந்தல், நாலு கத்தரிச்செடி, ஒரு கறிவேப்பிலை மரம், மிச்சமெல்லாம் புல்லும் பூண்டும். எனக்கு எட்டு வயசு வரைக்கும் டிவியை விட அந்தக் கொல்லைதான் பொழுதுபோக்கு. கூரைத் தாழ்வாரத்துல மழை படாத மண்ணுல குழியானை இருக்கும். எறும்பைப் பிடிச்சு குழியில போட்டா, கீழேருந்து மண்ணை வாரி அடிச்சு, சறுக்கி விழவெச்சு, லபக்குனு இழுத்துக்கும். மழைக்காலத்துல வேல மரத்துல பொன்வண்டு பிடிச்சு தீப்பெட்டிக்குள்ள வேலம் இலையோட போட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவோம். யார் வண்டு முட்டை போடுதோ அவன்தான் அன்னிக்கு வகுப்புல ராஜா. முந்திரி மரம் ஏறினா முசுறு கடிச்சு உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்.

அந்த மண்சுவத்துல ஒரு ஓட்டை. ஓட்டை வாயில பிசின் மாதிரி ஒரு குட்டிக் குழாய். அதுக்குள்ள கொசுத்தேனீ. கொசு அளவுதான் இருக்கும், கொட்டாது. ஆயா தினமும் அந்தச் சுவத்துல சாய்ஞ்சுதான் வெத்தலை போடும். "அது பாட்டுக்கு அது இருக்குது, நம்ம பாட்டுக்கு நம்ம இருப்போம்"னு சொல்லும். ஆயா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. கூரை வீடு மெத்தை வீடா மாறுச்சு. கொல்லையும் அந்தச் சுவரும் மட்டும் அப்படியே இருந்துச்சு.

2021. கொரோனா. சென்னையில ரூமைக் காலி பண்ணிட்டு ஊர்லேருந்தே பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். அந்த மழைக்காலத்துல எங்கம்மா கொல்லைச் சேத்துல வழுக்கி விழுந்து கை எலும்பு விட்டுப் போச்சு. அதே வாரம் பந்தல் கிட்ட ஒரு பாம்பு. "பூச்சி பொட்டு ஏறிப் போச்சுடா, எதாவது பண்ணு"ன்னாங்க அம்மா. கையில கொஞ்சம் காசு இருந்துச்சு. மேஸ்திரியைக் கூப்பிட்டு, கொல்லை முழுக்க கான்கிரீட் போடச் சொல்லிட்டேன். மண்சுவத்தை இடிச்சுட்டு ஹாலோபிளாக் சுவர். நாலே நாள்ல வேலை முடிஞ்சுது. பாக்க சூப்பரா, கழுவி விட்ட பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்துச்சு.

சுவத்தை இடிச்சப்ப நான் மாடி ரூம்ல ஒரு காலில் இருந்தேன். கீழே ஒரே சிரிப்பு சத்தம். சுவத்துக்குள்ள சின்னச் சின்ன மெழுகுச் சட்டி சட்டியா தேன். வேலைக்கு வந்த தம்பிங்க விரலால எடுத்து நக்கிக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் கொஞ்சம் குடுத்தாங்க. புளிப்பும் இனிப்புமா, நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலையில காபியோட பால்கனியில நின்னப்பதான் பார்த்தேன். சுவரு இல்ல. ஆனா அந்த ஓட்டை எங்க இருந்துச்சோ, சரியா அந்த உயரத்துல, காத்துல, ஒரு சின்ன கூட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. வெளியே போயிருந்த தேனீங்க வீட்டுக்கு வந்திருக்கு. கதவைக் காணோம். ரெண்டு நாள் அப்படியே சுத்துச்சுங்க. மூணாம் நாள் இல்ல.

பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பழைய கோடுல ஒரு ஃபங்ஷன் இருக்கும். யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. குப்பைன்னு தூக்கிருவோம். ஒண்ணும் ஆகாது. மூணு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத இடத்துல கோளாறு வரும். எங்க கொல்லையிலயும் அதே கதைதான். தொட்டியில அம்மா வெச்ச கத்தரி பூ பூவா பூத்துச்சு, காய் மட்டும் சரியாவே பிடிக்கல. கான்கிரீட்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. வெயில், தொட்டி மண்ணு, ஆயிரம் இருக்கு. ஆனா கத்தரிப்பூ, தக்காளிப்பூ எப்படி வேலை செய்யுதுன்னு அப்புறம் படிச்சப்ப கொஞ்சம் உறுத்துச்சு. அந்தப் பூவுல மகரந்தம் மிளகுப் பொடி டப்பா மாதிரி உள்ளே அடைஞ்சிருக்கும், நுனியில சின்ன ஓட்டை. யாராவது பிடிச்சு உலுக்கணும். காத்தும் கொஞ்சம் உலுக்கும். ஆனா நல்லா உலுக்கறது தனித்து வாழுற சில தேனீங்களும் கருவண்டும்தான். பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை 'ஞொய்ங்'னு அதிர வைக்கும். பெட்டியில வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. உலுக்கத் தெரிஞ்சதுல ஒண்ணு நீலப்பட்டைத் தேனீ. அது கூடு கட்டுறது எங்கே? வெறும் மண்ணுலயும் மண்சுவத்துலயும்.

உலகத்துல தேனீ வகை மட்டும் சுமார் 20 ஆயிரம். அதுல பெரும்பாலானது கூட்டமா வாழாது, தனித்தனியா மண்ணுக்குள்ள வளை தோண்டித்தான் முட்டை வைக்கும். பொன்வண்டும் அப்படித்தான். நாம பாக்குறது மழைக்காலத்துல வர்ற சில வார வாழ்க்கை. மத்தபடி புழுவா மண்ணுக்குள்ள வேர் தின்னுக்கிட்டு இருக்கும். குழியானை வருஷக்கணக்கா மண்ணுல கிடந்து, அப்புறம்தான் றெக்கை முளைச்சு தட்டான் மாதிரி பறக்கும். (கொசுறு: குழியானை புழுவா இருக்கிற வரைக்கும் வெளிக்கே போகாது. பின்பக்கம் அடைப்பு. எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, றெக்கை வந்த பிறகுதான் ஒரேயடியா :-)) ஆக நான் கான்கிரீட் போட்டது தரைக்கு இல்ல. இவ்வளவு பேர் குடியிருந்த வீட்டுக் கூரை மேல ஊத்திட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல புதுச்சேரியில கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. எங்க ஊரு மேடு, தண்ணி நிக்காதுன்னு பெருமையா பேசுவோம். ஆனா நம்ம கழுவி விட்ட பஸ் ஸ்டாண்டுல தண்ணி எங்கே போகும்? மண்ணு குடிக்க வழியில்ல, ஹாலோபிளாக் சுவரு விடல. நேரா சமையக்கட்டுக்குள்ள வந்துருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு நானும் அம்மாவும் குண்டாவால மொண்டு மொண்டு ஊத்தினோம். பக்கத்து வீட்டு மண்கொல்லையில காலையில தண்ணியே இல்ல.

பொங்கல் முடிஞ்சு ஆள் வெச்சு உடைச்சேன். "காசு குடுத்துப் போட்ட, இப்ப காசு குடுத்து உடைக்கிற. எந்தக் காலேஜ்லடா இஞ்சினியரிங் படிச்ச?"ன்னாங்க அம்மா. பதிலே சொல்ல முடியல. அம்மா நடக்க கதவுலேருந்து துவைக்கிற கல் வரைக்கும் கடப்பாக்கல் பாதை. வீட்டை ஒட்டி ஆறடிக்கு சுத்தமா பெருக்கின தரை, ஏன்னா பாம்பு பயம் நிஜமான பயம். அதுக்கு அந்தாண்ட எதையும் தொடறது இல்லன்னு ஒப்பந்தம். புல்லு வந்தா வரட்டும். களைக்கொல்லி கிடையாது.

முதல் மழைக்கே புல்லு, தும்பை, நெருஞ்சி, குப்பைமேனின்னு என்னென்னமோ வந்துச்சு. நான் விதைக்கவே இல்ல. எருக்கு ஒண்ணு மூலையில முளைச்சுது. அதுல வரி வரியா ஒரு புழு. அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புள்ளை. எருக்கம்பாலைக் குடிச்சு உடம்புல விஷத்தைச் சேத்துக்கும், பறவை தொடாது. வயல் வரப்புலேருந்து ஆடுதீண்டாப்பாளை ஒண்ணு பிடுங்கிட்டு வந்து நட்டேன். பேருலேயே இருக்கு, ஆடு கூட தீண்டாத கசப்பு. ஆனா சிவப்புடல் அழகின்னு ஒரு கருப்பு பட்டாம்பூச்சிக்கு அந்த வகைச் செடிதான் சோறு. அந்தச் செடி இல்லாத இடத்துல அது முட்டை வைக்காது, எவ்வளவு ரோஜா நட்டாலும் சரி. இதுல ஒரு சுவாரஸ்யம். நம்ம கறிவேப்பிலை மரத்துல வளர்ற கறிவேப்பிலை அழகி இருக்கு பாருங்க, அதுக்கு விஷமெல்லாம் கிடையாது. ஆனா அதுல சில பெண் பூச்சிங்க விஷக்காரி மாதிரியே சட்டை போட்டுக்கும். பறவை ஏமாந்துரும். உடம்பைப் பாத்தா கண்டுபிடிச்சுரலாம். சிவப்பா இருந்தா அசல், கருப்பா இருந்தா டூப்பு.

போன்ல போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல போட ஆரம்பிச்சேன். 2008-ல அமெரிக்காவுல சில மாணவர்கள் தொடங்கினது. நாம படத்தைப் போட்டா, எங்கேயோ உக்காந்திருக்கிற ஒரு புண்ணியவான் இது இன்னதுன்னு சொல்லுவார். அப்படித்தான் ஒருநாள் ராத்திரி பாதையில ஓடின ஒரு கருப்பு வண்டுக்குப் பேர் கிடைச்சுது. கட்டெறும்புக்கு அண்ணன் மாதிரி உடம்பு, முதுகுல ஆறு வெள்ளைப் புள்ளி. பறக்காது, ஓடி ஓடி மத்த பூச்சியை வேட்டையாடும். சீண்டினா ஆசிட் பீச்சும். பேரு ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. சிரிக்காதீங்க, லத்தீன்ல ஆறு புள்ளின்னு அர்த்தம்.

பேர் வெச்சவர் ஃபாப்ரிசியஸ், டென்மார்க்காரர், 1775-ல. அட, டென்மார்க்காரருக்கு நம்மூர் வண்டு எப்படித் தெரியும்னு தோண்டினா, கதை நம்ம கடற்கரைக்கே வருது. இங்கேருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல தரங்கம்பாடி. அப்போ அது டேனிஷ்காரங்க கையில. 1768-ல அங்கே வந்த கோனிக்ங்கிற மருத்துவரும், பின்னாடி வந்த பாதிரியார் சிலரும் இந்தக் கடற்கரைச் செடி கொடி பூச்சியெல்லாம் சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினாங்க. கோனிக், ஃபாப்ரிசியஸ் ரெண்டு பேருமே லின்னேயஸோட மாணவர்கள். தென்னிந்தியப் பூச்சிங்க பலதுக்கு ஃபாப்ரிசியஸ் வெச்ச பேர்தான் இன்னிக்கும். 250 வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஊசி குத்தி அட்டையில வெச்ச வண்டு, என் கடப்பாக்கல் மேல சாவகாசமா ஓடுது. புல்லரிச்சுருச்சு.

அப்புறம் வந்த புஸ்தகங்கள்ல ஒண்ணைப் புரட்டினேன். ஃபிளெட்சர்னு ஒரு வெள்ளைக்காரர் 1914-ல தென்னிந்தியப் பூச்சிகளைப் பத்தி எழுதினது. நீளமான தலைப்பு, அதுலேயே 'பொருளாதார நோக்கில்'னு சேர்த்திருப்பார். அதாவது நெல்லைத் தின்னா, தேங்காயைத் துளைச்சா, பேர் உண்டு, பக்கம் உண்டு. நமக்கு லாப நஷ்டம் இல்லாத பூச்சிக்கு அங்கே பெருசா இடம் இல்ல. எங்கம்மாவோட 'பூச்சி பொட்டு'ம் அதேதான்னு தோணுச்சு.

ஒரு ராத்திரி அப்பாவோட பழைய வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில கட்டி பின்னாடி ஒரு பல்பு போட்டேன். அந்துப்பூச்சி பாக்கறதுக்கு. உலகம் முழுக்க ஜூலை கடைசியில அந்துப்பூச்சி வாரம்னு ஒண்ணு 2012-லேருந்து கொண்டாடறாங்க. பக்கத்து வீட்டு மாமா எதிர் மாடியிலேருந்து, "தம்பி, யாருக்காவது எதாவது ஓட்டறீங்களா?"ன்னார். பேய் இல்ல மாமா, பூச்சின்னேன். ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லங்கிற மாதிரி பாத்துட்டுப் போயிட்டார் :-)

அம்மா மனசு மாறினது இதுல எதுக்கும் இல்ல. ஒருநாள் பொழுது சாயற நேரம் பின்னாடி புல்லு உயரமா இருக்குன்னு அரிவாளோட போனவங்க, "டேய், இங்க வா, சத்தம் போடாம வா"ன்னாங்க. காஞ்ச புல்லுக் காம்புல வரிசையா ஆறு நீலப்பட்டைத் தேனீ. காம்பை வாயால கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு தொங்குதுங்க. தூக்கம்! ஆண் தேனீங்களுக்குக் கூடு கிடையாது, ராத்திரியில இப்படித்தான் ஒரே காம்புல சேர்ந்து தூங்கும்னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. "பாய் விரிச்சு வரிசையா படுத்த புள்ளைங்க மாதிரி இல்ல?"ன்னாங்க. அரிவாளை சொருகி வெச்சுட்டு, அந்தப் புல்லை அறுக்கவே இல்ல.

இதோட முடிச்சிருந்தா நல்ல பையன் கதை. ஆனா நான் ரெண்டாவது தடவையும் அதே தப்பைப் பண்ணப் பாத்தேன்.

போன வருஷம் கம்பெனியில மரம் நடுற திட்டம். ஆயிரம் கன்னு, டிஷர்ட்டு, போட்டோ எல்லாம். "உங்க ஊர் பக்கம் காலி இடம் இருக்கா?"ன்னு டேமேஜர் கேட்டார். இருக்கே! ஊருக்கு வெளியில மேய்க்கால் புறம்போக்கு, சும்மாத்தான் கிடக்குன்னு நான்தான் சொன்னேன். நான்தான் இடமும் பாக்கப் போனேன். எனக்கு அது தப்பாவே தோணல. எங்க ஊரு வளர்ந்ததே மரத்தைப் பாத்துத்தானே. 1968-ல ஆரோவில் தொடங்கினப்ப இந்த மேடு முழுக்க பொட்டல். மழை வந்தா செம்மண்ணு அரிச்சுக்கிட்டு கடலுக்கு ஓடும். வரப்பு கட்டி, லட்சக்கணக்குல மரம் நட்டு, மண்ணை நிறுத்தினாங்க. முதல்ல ஆஸ்திரேலியா பக்கத்து அக்கேசியா, அப்புறம் அதன் நிழல்ல நம்ம கடற்கரையோட பழைய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள். அது நிஜமாவே பெரிய வேலை. அதனால மரம்னாலே நல்லதுன்னு என் மண்டையில ஊறிப்போச்சு.

மேய்க்கால்ல ஒரு பெரியம்மா மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "மரமா? இங்கயா? நிழலு விழுந்தா புல்லு எப்படி மொளைக்கும்? அப்புறம் என் மாடு என்ன, உங்க ஆபீஸுக்கு வந்து மேயுமா?"ன்னாங்க. நான் கல்லுல உக்காந்தேன். எதிர்ல சாணியை உருட்டிக்கிட்டு ஒரு வண்டு தலைகீழா நடந்து போகுது. நெருஞ்சிப் பூ மேல விரல் நகம் அளவுக்கு நீலப் பட்டாம்பூச்சி. அதோட புழுவுக்கு நெருஞ்சி ஒரு முக்கிய சாப்பாடு. குட்டி வேலமரத்துல, பதினஞ்சு வருஷம் கழிச்சு, ஒரு பொன்வண்டு! முன்னாடி பெஞ்ச மழைத்தண்ணி தேங்கின குட்டையில தட்டான் கூட்டம். இந்த ஊர்சுத்தித் தட்டானைப் பத்தி மாலத்தீவுல இருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர் 2009-ல எழுதினார். இந்தியாவுலேருந்து மாலத்தீவு வழியா, கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதாம். வழியெல்லாம் அது முட்டை வைக்கறது இந்த மாதிரி ரெண்டு மாசத்துல வத்திப்போற மழைக்குட்டையிலதான்.

சும்மா கிடக்குதுன்னு நான் சொன்ன இடம் அது.

புறம்போக்குன்னா வரிக்கணக்குக்கு வெளியே இருக்கிற நிலம்னு அர்த்தம். நம்ம ஆளுங்க அதைத் திட்டற வார்த்தையாவே ஆக்கிட்டோம். மத்திய அரசு 2000-லேருந்து வெளியிடற தரிசு நில வரைபடத் தொகுப்புல புதர் நிலம், நலிஞ்ச மேய்ச்சல் நிலமெல்லாம் 'தரிசு' கணக்குலதான் வரும். காட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு. எங்க பக்கத்துல கழுவேலி இருக்கு, பறவைங்க புண்ணியத்துல 2021-ல சரணாலயம் ஆச்சு, 2024-ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு, சந்தோஷம். புல்லுக்கும் அதுல இருக்கிற பூச்சிக்கும் மட்டும் கேக்க நாதி இல்ல. அதை அழிக்கறதுக்கு வில்லன் கூட வேணாம். நல்லது பண்றோம்னு நினைக்கிற ஒரு இஞ்சினியர் போதும்.

ரெண்டு சனி ஞாயிறு காலையில அங்கேயே நடந்தேன். எனக்குப் பேர் தெரிஞ்சது மட்டும் 31 வகை தேறுச்சு. போட்டோவெல்லாம் ஸ்லைடா போட்டு டேமேஜர்கிட்ட காட்டி, இடத்தை நான் தப்பா சொல்லிட்டேன், மாத்திக்கலாம்னேன். "போட்டோவுல என்னத்தைக் காட்டறது, புல்லையா?"ன்னார். அப்ரைசல் நேரம் வேற. தொண்டை காஞ்சு போச்சு. ஆனாலும் அந்தப் பெரியம்மா கேட்டதை அப்படியே சொன்னேன். மனுஷன் கொஞ்சம் யோசிச்சார். கடைசியில கன்னுங்க பள்ளிக்கூட மதிலோரமும் ரோட்டோரமும் போச்சு. வேம்பு, புங்கன், பூவரசு. ஆனா முழு ஜெயமும் இல்ல. நான் பேசறதுக்குள்ள ஜேசிபி வந்து மேய்க்கால் ஓரத்துல அறுபது குழி தோண்டிருச்சு. அந்த அறுபதுல மட்டும் கன்னு நட்டாங்க. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் போறேன். கொசுத்தேனீயும் இன்னும் கொல்லைக்கு வரல. பின்சுவர் ஓரமா ஒரு சின்ன மண்சுவர் எழுப்பி, ஓட்டை போட்டு வெச்சிருக்கேன். நீலப்பட்டைங்க ரெண்டு குடி வந்திருக்கு. கொசுத்தேனீ வரணும்.

நீங்க என்ன பண்ணலாம்னு கேட்டா பெரிய லிஸ்ட் எல்லாம் இல்ல. கொல்லை இருந்தா ஒரு மூலையை விட்டுருங்க. ஒரு முழம் வெறும் மண்ணு வெயில் பட கிடக்கட்டும். களைக்கொல்லி அடிக்காதீங்க. கறிவேப்பிலையில நாலு புழு இருந்தா, மிச்ச இலை ரசத்துக்குப் போதும். ராத்திரி தேவையில்லாத வெளி லைட்டை அணைங்க. காலி இடம்னு யாராவது சொன்னா, மழைக்கு அப்புறம் ஒரு காலையில அங்கே போய் கால் மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க, காலியான்னு.

சரி, நேத்து சாயங்காலத்துக்கு வர்றேன். நாலு குழியானைக் குழி. பழைய புத்தி, கை துறுதுறுங்குது. ஒரு கட்டெறும்பைப் பிடிச்சு குழி விளிம்புக்குக் கொண்டு போயிட்டேன். பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்த எங்கம்மா தோள்ல ஒண்ணு போட்டாங்க.

"அத ஏன்டா நோண்டற? இருந்துட்டுப் போவட்டும்."

எறும்பை விட்டுட்டேன்.

டிஸ்கி: இந்தத் தடவை கத்தரி நல்லாவே காய்ச்சிருக்கு. காரணம் நீலப்பட்டையா, மண்ணா, அம்மா கைராசியான்னு நிரூபிக்க முடியாது. நேத்து ராத்திரி எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு மட்டும் நிரூபணமே தேவைப்படாத அளவுக்கு இருந்துச்சு :-)